ஒரே வெட்டில் இரண்டு பக்கமும்

12 மார்ச் 2011, சனி

டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர் அம்மா, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நர்ஸ், மகள் ஜாஸ்மி, நான். ஜாஸ்மியின் அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். கடைசியில் கொஞ்ச நேரம் அவரையும் உள்ளே அழைத்தார்கள். ஆக, எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். இதற்கு மேல் ஒருவர்கூடக் கூடாது என்று ஜாஸ்மி திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டில் வைத்தே சொல்லிவிட்டாள்.

"சபையிலயும் சொல்லப்பிடாது, மாமியிட்டயும் சொல்லப்பிடாது. ஜெபத்துக்குன்னுகூட சொல்லப்பிடாது. கேட்டியளா?"

சரி என்றேன்.

ஜாஸ்மிக்கு இடது பக்கம் மார்பு வளரவில்லை. வலது பக்கம் எல்லாப் பெண்களையும் போல இருக்கிறது. இடது பக்கம் சிறு பிள்ளையின் நெஞ்சு. இதுவரை இந்த நோட்டில்கூட நான் இதை எழுதியதில்லை. இன்று டாக்டர் சட்டென்று சொல்லிவிட்டார், பல் முளைக்கவில்லை என்பதுபோல. பிறவியில் சிலருக்கு இப்படி இருக்கும், நோய் இல்லை, யாருடைய தப்பும் இல்லை, உள்ளே ஒரு சிலிக்கோன் பையை வைத்து வலது பக்கத்துக்குச் சரியாக்கலாம் என்றார்.

நாளைக்குப் பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "வலது பக்கம் நல்லா இருக்கு அம்மே. ஒரு பக்கம் மதி," என்றார் மலையாளத்தில். ஒரு பக்கம் போதுமாம்.

ஜாஸ்மியின் அப்பா உள்ளே வந்ததும் கேட்டது ஒரே கேள்வி. "இது ரப்பரா டாக்டரே? நம்ம ஷீட்டு மாதிரி வெயிலுக்கு ஒட்டிப் பிடிக்குமா?" நாற்பது வருடம் ரப்பர் மரத்தோடு கிடந்தவர் வேறு என்ன கேட்பார். டாக்டர் சிரித்தார். நர்ஸ் வாயைப் பொத்தினாள். ஜாஸ்மியும் சிரித்தாள்.

பணம் அவள் சேர்த்தது. ஆறு வருடம் தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. என் வரவு செலவில் இது வராது.

13 மார்ச், ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. அவள் பதினான்கு வயதில் குளிமுறிக் கதவைத் திறந்து, "அம்மா, இதப் பாருங்க," என்று கூப்பிட்டது நினைவில் வந்துகொண்டே இருந்தது. பைய வளரும் மக்களே என்றேன். எண்ணெய் தடவி ஜெபித்தேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு அவள் காட்டவில்லை, நான் கேட்கவில்லை. தைத்தேன், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தையலும் கணக்கும் நானாகப் படித்தது. ஊரில் எல்லாரும் முன்பக்கத் துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் வெட்டுவார்கள். ஜாஸ்மியின் துணியை நான் அப்படி வெட்டியதே இல்லை. வலது தனி, இடது தனி. இடப்பக்கம் உள்ளே அவள் அப்பாவின் பழைய வேட்டியை எட்டாக மடித்து ஓரம் அடித்து வைப்பேன். துவைத்தால் கட்டி கட்டியாகும். வியர்த்தால் கீழே இறங்கும். அவள் வலது கையால் இடது தோளைச் சொறிவதுபோல அதை மேலே தூக்கி விடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது அவள் வழக்கம் என்று தோன்றும்.

இன்று திருவிருந்து முடிந்து முழங்காலில் நிற்கும்போது நேர்ந்துகொண்டேன். இது நலமாய் முடிந்தால் சபைக்கு முன் ஸ்தோத்திர காணிக்கை வைப்பேன்.

20 மார்ச், ஞாயிறு

கர்த்தர் வேண்டாம் என்று வைத்ததை மனுஷன் வைக்கலாமா? மத்தியானம் ஜாஸ்மியின் அப்பாவிடம் கேட்டேன்.

"ஒனக்கு முன்பல்லு ரெண்டு யாரு வச்சது?"

"மார்த்தாண்டத்து டாக்டரு."

"அதுகொண்டு நீ பாட்டுப் பாடுத. கர்த்தரு கேக்கமாட்டேன்னா சொன்னாரு?"

ஆனாலும் பல்லும் அதுவும் ஒன்றா?

இரவுச் சாப்பாட்டில் ஜாஸ்மியிடமே கேட்டேன், கல்யாணத்துக்காகவா இதைச் செய்கிறாய் என்று. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரியில டிரெஸ் மாத்த எங்களுக்கு ஒரே ரூம்தான் அம்மா. எல்லாரும் கதை பேசிட்டு மாத்துவா. நான் ஆறு வருசமா கக்கூஸுக்குள்ள நின்னு மாத்துகேன். மஸ்கட்டுல வேல ரெண்டு தடவ கிடைச்சும் நான் போகல்ல, ஏன் தெரியுமா? மெடிக்கலுக்குச் சட்டையக் கழத்தணும்."

நான் இவ்வளவு நாளும் நினைத்தது, அப்பாவையும் என்னையும் விட்டுப் போக மனமில்லாமல் மஸ்கட்டை வேண்டாம் என்றாள் என்று.

2 மே, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஜாஸ்மியின் அப்பாவுக்கு மூத்தவள் ராகேல் மதினியிடம், திருவனந்தபுரத்தில் பத்து நாள் டிரெயினிங் என்று அவர் சொன்னார். நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்காமல் நிற்பது பொய்யில் சேருமா?

3 மே, செவ்வாய்

காலையில் கொண்டுபோனார்கள். மதியத்துக்கு முன் வெளியே வந்தாள். நன்மை செய்தீர் ஆண்டவரே.

5 மே, வியாழன்

வலி. நெஞ்சில் கல் ஏற்றி வைத்ததுபோல என்கிறாள். மல்லாந்துதான் படுக்க வேண்டும். கை மேலே தூக்கக் கூடாது. தலை நான் சீவிவிட்டேன். பத்து வருடத்துக்குப் பிறகு.

14 மே, சனி

தையல் பிரித்தார்கள். டாக்டர் என்னையும் பார்க்கச் சொன்னார். ஜாஸ்மி வேண்டாம் என்று சொல்லவில்லை.

பார்த்தேன். இன்னும் வீக்கம் இருக்கிறது, கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. தழும்பு அடியில், மடிப்புக்குள். ஆனால் இரண்டு பக்கம் இருக்கிறது. அவள் கண்ணாடியை நேராகப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்வேன் என்று. "கொள்ளாம் மக்களே, நல்லா இருக்கு," என்றேன். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தாள்.

தொட்டால் ஒன்றும் தெரியவில்லையாம், மரத்துக் கிடக்கிறதாம். உணர்வு பைய வரும் என்றார் டாக்டர். பைய வரும் என்று நான் சொன்னதெல்லாம் வரவில்லை. டாக்டர் சொன்னது வரட்டும்.

18 ஜூன், சனி

இன்று நடந்ததை எழுதாமல் படுக்கக் கூடாது.

மாலை ஜாஸ்மி வேலை முடிந்து வந்தாள், கையில் ஒரு பை. தக்கலையில் ஒரு தையல் கடையில் போன வாரம் அளவு கொடுத்த சுடிதாரை வாங்கி வந்திருக்கிறாள். "டேப்பு வச்சு அளந்தா அம்மா அந்த அக்கா. ஒண்ணும் கேக்கல்ல. நெஞ்சு முப்பத்திநாலுன்னு சத்தமா சொன்னா, எழுதுதவளுக்குக் கேக்கட்டும்னு. கடை முழுக்கக் கேட்டிருக்கும்." சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. கடை முழுக்கத் தன் அளவு கேட்டதற்கு ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றாள். ஷால் கொடியில் கிடந்தது. தோள் பக்கம் தையல் நேராக இல்லை, கழுத்தும் கொஞ்சம் அகலம். நான் சொல்லவில்லை. உள்ளே வந்து, வெட்டி வைத்திருந்த வேட்டித் துண்டுகளைச் சாக்கில் கட்டி அடுப்படிக்கு எடுத்துக்கொண்டேன். பாத்திரம் பிடிக்க ஆகும்.

சந்தோஷந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது எதற்கென்று தெரியவில்லை.

22 ஜூன், புதன்

ராகேல் மதினி வந்தாள். தக்கலையில் ஒரு சம்பந்தம். பையன் பெயர் பிரைட்டன், கம்பெனியில் கணக்கு வேலை, அம்மா ராஜமணி ரிட்டயர்டு டீச்சர். போட்டோ பார்த்துப் பிடித்துவிட்டதாம். ஜாஸ்மி, "பாக்கலாம் மாமி," என்றாள். எப்போதும் எழுந்து போய்விடுகிறவள் பாக்கலாம் என்கிறாள்.

நேர்ச்சையை இனியும் தள்ளக் கூடாது.

26 ஜூன், ஞாயிறு

காணிக்கை வைத்தேன். கவரின் மேல், "மகள் ஜாஸ்மியின் அறுவை சிகிச்சை நலமாய் முடிந்ததற்காக லீலாபாய் செல்வதாஸ் குடும்பத்தார்" என்று எழுதினேன். என்ன சிகிச்சை என்று எழுதவில்லை. எழுதாததால் சொன்ன வாக்கை மீறவில்லை என்று நினைத்தேன். ஜாஸ்மிக்கு இன்று பகல் வேலை, ஆராதனைக்கு வரவில்லை.

சபைச் செயலர் சுந்தரராஜ் அறிவிப்பில் எல்லாக் கவரும் வாசித்தார். வீடு கட்டியது, பரீட்சை பாஸானது, பசு கன்று போட்டது. அதற்கு நடுவில் இது. வாசித்ததும் முன் வரிசையிலிருந்து நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு லேசாயிருந்தது. கடன் தீர்ந்த மாதிரி.

28 ஜூன், செவ்வாய்

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்தார்கள். சபையில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் பார்க்க வருவது வழக்கம். நானே எத்தனை வீட்டுக்கு ஆரஞ்சும் பிரட்டும் கொண்டு போயிருக்கிறேன். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? சங்கத் தலைவி சத்தியபாய், இன்னும் நான்கு பேர். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு. ஜாஸ்மி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்ன ஆப்பரேசன் மக்களே? ஒரு வார்த்த சொல்லாம மறச்சுப் போட்டியளே. நாங்க ஜெபிச்சிருப்போம்லா?"

ஜாஸ்மி என்னைப் பார்த்தாள்.

சத்தியபாய் என் பக்கம் திரும்பினாள். "லீலா அக்கா, நீங்களாவது சொல்லுங்க. அப்பென்டிக்ஸா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கர்த்தருக்குக் காணிக்கை வைத்த வாயால் பொய் எப்படிச் சொல்வது என்று நின்றேன். "பிறவியில ஒரு சின்ன குறை. சரியாக்கியாச்சு," என்றேன்.

குறை என்றதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மிக நீளமாக ஜெபித்தார்கள். ஜாஸ்மியின் வயிற்றுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு ஜெபித்தார்கள்.

ஜாஸ்மி அறைக்கதவைச் சாத்தியவள் திறக்கவில்லை.

3 ஜூலை, ஞாயிறு

ராகேல் மதினி காலையிலேயே ஓடி வந்தாள். பிரைட்டனின் அம்மாவுக்கு விஷயம் போயிருக்கிறது. பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் குறையாம், எடுத்துவிட்டார்களாம். "ராஜமணி டீச்சரு கேக்கா, ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டட்டு, எங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு. அப்பிடி என்னதாட்டி செஞ்சிய நீங்க?"

ஜாஸ்மிதான் பேசினாள். சத்தம் உயரவில்லை.

"மாமி, எனக்கு வயித்தில ஒண்ணும் இல்லன்னு போய்ச் சொல்லுங்க. ஸ்கேன் எடுக்கமாட்டேன்னும் சொல்லுங்க. சந்தையில மாட்டுக்குப் பல்லு பிடிச்சுப் பாக்க மாதிரி என்னப் பாக்கண்டாம்."

"அப்பம் சம்பந்தம் போவும் பிள்ளே."

"போவட்டு."

ஜாஸ்மியின் அப்பா, "அவ சொன்னத அப்பிடியே சொல்லு அக்கா," என்றார்.

மதினி போன பிறகு ஜாஸ்மி என் பக்கம் திரும்பினாள்.

"பேரு வேண்டாம்னு எழுதப்பிடாதா அம்மா? பேரு சொல்ல விரும்பாத குடும்பம்னு எத்தன கவரு வாசிக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

பேரில்லாமல் கொடுத்தால் நேர்ச்சை தீருமா என்று தோன்றிற்று என்றேன். உண்மை அதுதான்.

"தீத்தாச்சுல்லா. ஒங்க நேர்ச்சைய எனக்க ஒடம்ப வச்சுத் தீத்தாச்சு. நல்லது. பொய்யும் சொல்லல்ல. ஒரு வார்த்த பொய் சொல்லப்பிடாதுன்னு என்னய ஊரு முழுக்க விட்டுக் கொடுத்தாச்சு."

சொல்லப்பிடாதுன்னு அவ சொன்னது ஒரே ஒரு காரியம். ஜெபத்துக்குன்னுகூட சொல்லாதீங்கன்னா. பஸ் ஸ்டாண்டுல வச்சு சரின்னேனே— சரின்னுதானே சொன்னேன்—

6 ஜூலை, புதன்

தக்கலைச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

17 ஜூலை, ஞாயிறு

ஜாஸ்மி ஆராதனைக்கு வரவில்லை. மழையால் ரப்பர் வெட்டு இல்லை. அவள் அப்பா முழுநாளும் வீட்டில். இருவரும் பேசிக்கொள்கிறார்கள். என்னிடம், சாப்பாடு இருக்கா, சாவி எங்க, அவ்வளவுதான்.

20 ஆகஸ்ட், சனி

டாக்டர் வரச் சொன்ன நாள். தனியாகப் போகிறேன் என்றாள். அவள் அப்பா என்னையும் கூடப் போகச் சொன்னார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தோம். களியக்காவிளை தாண்டியும் ஒரு சொல் இல்லை. ஆரஞ்சு மிட்டாய் ஒன்று நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். தின்னவில்லை.

டாக்டர் பார்த்தார். வீக்கம் இறங்கிச் சரியாக வந்திருக்கிறது. கை தூக்குகிறதா, தூக்கம் வருகிறதா, வலி உண்டா என்று கேட்டார். இழுக்கிற மாதிரி சில நாள் இருக்கிறதாம். மரப்பு பாதி போய்விட்டது, வெந்நீர் ஊற்றினால் சூடு தெரிகிறது என்றாள். கடைசியில் டாக்டர் கேட்டார்: "மோளுக்கு சந்தோஷமாணோ?"

ஜாஸ்மி ஷாலை எடுத்துத் தோளில் போட்டாள். சம்பந்தம் போனதையும் ஊர் பேசினதையும் சொல்லிவிடுவாள், எல்லாம் வீண் டாக்டர் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன்.

"மறந்துபோறேன் டாக்டர்," என்றாள். "முன்ன ஒரு நேரமும் மறக்கமாட்டேன். குனிஞ்சா, பஸ்ஸில கம்பியப் பிடிச்சா, ஒரு குழந்தையத் தூக்கினா, அது நினைப்பு வந்துரும். இப்பம் வேல தீர்ந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், ஓ, இன்னைக்கு முழுக்க அத நினைக்கல்லியேன்னு தோணும்."

"அது மதி," என்றார் டாக்டர்.

திரும்பும்போதும் பேசவில்லை. ஆனால் அவள் சொன்னதை நான் கேட்டேன். அவள் சொன்னது எனக்கில்லை. ஆனாலும் கேட்டேன்.

11 அக்டோபர், செவ்வாய்

மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். மெடிக்கலில் ஒரு பிரச்சினையும் இல்லை. விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிப் பிடித்தாள். என்னிடம், "வாறேன் அம்மா," என்றாள். கையில் முறுக்கும் நேந்திரங்காய் வற்றலும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டேன்.

25 டிசம்பர், ஞாயிறு

போன் வந்தது. அப்பாவிடம் நீளமாகப் பேசினாள். என்னிடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து சொன்னாள்.

19 ஜனவரி 2012, வியாழன்

இன்று சங்கக் கூட்டம். வந்தவர்கள் பதினாறு பேர், பிடி அரிசிக் காணிக்கைக் கணக்கு நான் வாசித்தேன். பிறகு ஜெபக் குறிப்புகள். சத்தியபாய் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தாள். சாமுவேலின் கால் புண், அபினாவுக்கு மஸ்கட்டில் வேலை (அபினா அவள் மகள்தான்), பிறகு, "நம்ம லீலாபாய் அக்காளுக்க மோள் ஜாஸ்மிக்காக. அவளுக்க சரீரத்தில உள்ள அந்தக் குறைய ஆண்டவர் மாத்தி, கர்ப்பத்த ஆசீர்வதிச்சு—"

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் மூடியிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"நிறுத்து சத்தியபாய்."

ஜெபத்தின் நடுவில் நான் வாயைத் திறந்தது இந்த ஐம்பது வருடத்தில் இன்றுதான். எல்லாரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். சொல்லிவிடு, உண்மையைச் சொல்லிவிடு, வயிற்றில் ஒன்றும் இல்லை, இதுதான் என்று சொல்லிவிட்டால் பழி தீர்ந்துவிடும் என்று மனதில் ஒன்று பிடித்துத் தள்ளியது. வாய் வரைக்கும் வந்தது. அதுவும் அவளுடையதுதானே, என் கையில் உள்ளதல்லவே என்று தோன்றிற்று.

"எனக்க மோளுக்க ஒடம்பப் பத்தி இனி இங்க யாரும் ஜெபிக்கண்டாம். நான் காணிக்க வச்சது தப்பு இல்ல. அவ பேர எழுதினது தப்பு. அவளுக்கு என்ன ஆப்பரேசன்னு யாரும் கேக்கவும் வேண்டாம், நினைக்கவும் வேண்டாம். அவ சுகமா இருக்கா. அது போதும்."

சத்தியபாய்க்கு முகம் செத்துப்போயிற்று. "நல்லதுக்குத்தானே லீலா அக்கா சொல்லுகேன்."

"தெரியும் பிள்ளே. நல்லதுக்குத்தான். நானும் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

பிறகு சாமுவேலின் காலுக்காக ஜெபித்தோம்.

வீட்டுக்கு வந்து ஜாஸ்மியின் அப்பாவிடம் சொன்னேன். "அவளுட்ட சொல்லட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்கிறதற்குச் சாட்சி கூட்டிப் போகிற மாதிரி இருக்கும்.

9 செப்டம்பர் 2012, ஞாயிறு

அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள், இடது பக்கம் கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கிறதாம், அங்கே டாக்டரிடம் காட்டினாளாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்களாம். அவர் அதை எனக்குச் சொல்லும்போது தன் நெஞ்சிலேயே கை வைத்துக் காட்டினார், பாவம். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை.

30 செப்டம்பர், ஞாயிறு

தடவித் தடவி இளகிவிட்டதாம். ஸ்தோத்திரம். காணிக்கைப் பெட்டியில் கவர் இல்லாமல் போட்டேன். பேரும் இல்லை, காரியமும் இல்லை. கர்த்தருக்குத் தெரியாதா? அன்றைக்கும் தெரிந்திருக்கும்தானே.

14 ஆகஸ்ட் 2013, புதன்

ஜாஸ்மி லீவில் வந்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, நன்றாயிருக்கிறாள். நல்லபடியாகத்தான் பேசுகிறாள். உளுந்தங்கஞ்சி வேண்டும் என்று கேட்டாள். அறைக்கதவைத் தாழ் போட்டுத்தான் உடுப்பு மாற்றுகிறாள். வீட்டில்தான். அங்கே எல்லாரும் ஒரே அறையில்தான் மாற்றுகிறார்களாம், அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அப்படியானால் தாழ் எனக்குத்தான்.

மத்தியானம் முன்னறைப் பாயில் தூங்கினாள். இடது பக்கம் சாய்ந்து, கையைத் தலைக்கு மேல் மடக்கி வைத்து. பதினான்கு வயதிலிருந்து அவள் குப்புறப் படுத்து, இல்லையென்றால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துத்தான் தூங்குவாள். பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, விழித்தால் சங்கடப்படுவாள் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தோள் தையல் இப்போதும் நேராக இல்லை. அங்கேயும் நல்ல தையல்காரர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

2 செப்டம்பர், திங்கள்

போய்விட்டாள்.

8 ஜூன் 2014, ஞாயிறு

அபினாவுக்கு ஜாஸ்மி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்திருக்கிறது. இனி சத்தியபாயின் மகளும் என் மகளும் ஒரே அறையில் உடுப்பு மாற்றுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பயப்பட்டு என்ன ஆகும்?

15 நவம்பர் 2014, சனி

ஜாஸ்மியின் அப்பா ரப்பர் ஷீட்டைப் புகைப்புரையில் ஏற்றிவிட்டு வந்து போனை என் கையில் கொடுத்தார். "எனக்கில்ல. ஒனக்காக்கும்." அவள் வாங்கி அனுப்பிய போன்தான், மெசேஜ் எல்லாம் அவர் பெயருக்கே வரும். இன்று முதல் வரியில், அம்மா என்று இருந்தது. மறக்காமல் இருக்க அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"அம்மா, அபினாவும் நானும் நேற்று ஒரே ஷிஃப்ட். டிரெஸ் மாத்தும்போது அவளே சொன்னா, சங்கத்தில நீங்க ஜெபத்த நிறுத்தினத. அவ அம்மை ரெண்டு நாள் அழுதாளாம். இப்பவும் அவங்க ஒருத்தருக்கும் எனக்கு என்ன ஆப்பரேசன்னு தெரியாதாம். மூணு வருசம் ஆவப்போவுது, ஒரு வார்த்த எனக்கிட்ட சொல்லல்லியே. கிறிஸ்மசுக்கு எனக்கு ஒரு சுடிதார் தைத்து அனுப்புங்க. இங்க தைக்குததுல தோளு நிக்கல்ல. நீல நிறம் போதும்."

மூன்று தடவை வாசித்தேன். ஜாஸ்மியின் அப்பா, "என்ன, அழுகியா?" என்றார். புகை என்றேன். புகைப்புரை வீட்டுக்குப் பின்னால் எவ்வளவோ தூரம். முதல் பொய் அதுதான், கர்த்தர் கணக்கில் வைக்கட்டும்.

குலசேகரம் போய்த் துணி எடுத்தேன். நீலம், சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மெஷினுக்கு உறை எடுத்து எண்ணெய் விட்டேன். துணியை மேசையில் விரித்த பிறகுதான் ஓர்மை வந்தது. என் கையில் இருப்பது பழைய அளவு. செய்தித்தாளில் வெட்டி வைத்த முன்பக்கம், வலது ஒன்று, இடது ஒன்று. அவளுடைய புது உடம்புக்கு நான் ஒரு தடவையும் டேப் வைத்ததில்லை. தக்கலைத் தையல்காரிக்குத் தெரியும், மஸ்கட்டுத் தையல்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. டாக்டர் அறையில் ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான். ஊகித்து வெட்டிவிடலாம். ஆனால் இந்தத் தடவை நான் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலால் தேடித் தேடி எழுத்துக் குத்தினேன். ஜாஸ்மியின் அப்பா செய்து தருகிறேன் என்றார், கொடுக்கவில்லை. அனுப்பியது இது:

"மக்களே, துணி எடுத்தாச்சு. நீலம்தான். உனக்க அளவு எனக்குத் தெரியாது. தோளு, நெஞ்சு, இடுப்பு, கை நாலும் அளந்து அனுப்பு. ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானா? துணிய மடிச்சு ஒரே வெட்டா வெட்டட்டா? நீ சொல்லாம கத்தரி வைக்கமாட்டேன். பதில் சீக்கிரம் போடு."